ஹெல்மெற் போட்ட படம்

மானிப்பாயில் அருட்செல்வனின் செத்தவீட்டு வாசலில் பெரிய கண்ணீர் அஞ்சலிப் பதாகை தொங்கியது. அதில் மஞ்சள் ஹெல்மெற்றோடு அவன் சிரித்துக்கொண்டு நின்றான். அதை அச்சடித்துக் கட்டியவர், சுன்னாகத்தில் கொங்கிறீற்றுத் தூண் வார்க்கும் தொழிற்சாலையின் முதலாளி சோமசேகரம். அங்கேதான் தூண் சரிந்து அருட்செல்வனின் மண்டை உடைந்தது.

பந்தலில் தேநீர் குடித்தபடி அவர் ஊராருக்கு விளக்கம் சொன்னார்.

"பாதுகாப்புக்கு எல்லாம் குடுத்திருக்கிறம். உந்தப் படமே சாட்சி. போடுங்கோ எண்டால் தலை வேர்க்குதாம். உதுகளுக்கு மண்டை இருந்தென்ன, விட்டென்ன?"

சிலர் தலையாட்டினார்கள். செத்தவனைக் குறை சொல்வது சுலபம்; அவன் எழுந்து மறுக்கப்போவதில்லை.

உள்ளே இருந்த மனைவி நிவேதனாவுக்கும் எல்லாம் கேட்டது. அவளுக்குப் புருஷன் மேல்தான் கோபம் வந்தது. ஹெல்மெற்றைப் போட்டிருந்தால் பிள்ளைக்குத் தகப்பன் இருந்திருப்பான்.

அப்போது அவனோடு வேலை செய்த சுபாங்கன் வேர்க்க விறுவிறுக்க உள்ளே வந்தான்.

"கூட்டாளி செத்ததுக்கு இப்பதான் வாறியோ?" என்று கேட்டாள்.

"கோவிக்காதேங்கோ அக்கா. நாளைக்கு விசாரிக்க ஆக்கள் வருகினமாம். முந்தி அண்ணையை எடுத்த மாதிரி எங்களையும் தொழிற்சாலையிலை நிப்பாட்டிப் படம் எடுத்தவை. அங்கை இருக்கிறது அந்த ஹெல்மெற் ஒண்டுதானே. ஆள்மாறி ஆள் போட்டு எடுத்து முடிய நேரமாச்சு."

நிவேதனா எழுந்து பந்தலுக்கு வந்தாள்.

"முதலாளி, தேத்தண்ணி குடிச்சது போதும். எழும்பிப் போங்கோ."