'இல்லை' என்று ஒரு டிக்

"இன்னா மேடம் இது? கிழிச்சுப் போட்டுட்டீங்க!"

ஜெகன் நாற்காலியைவிட்டு எழுந்தே விட்டான்.

காலையில் காக்களூர் வரை போய், சரவணகுமார் என்கிற ஏஜெண்டிடம் எழுதி வாங்கிவந்த கார் இன்சூரன்ஸ் படிவம் அது. இப்போது புவனேஸ்வரியின் குப்பைக்கூடையில் நாலு துண்டாகக் கிடந்தது.

கும்மிடிப்பூண்டி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, மாடியில் ஒற்றை அறை ஆபீஸ். பதினைந்து வருஷமாக வண்டிகளுக்கு இன்சூரன்ஸ் போட்டுத் தருகிறவள் புவனேஸ்வரி. 'அந்தம்மா கம்மியா முடிச்சுக் குடுக்கும்' என்று சிப்காட் டிரைவர்கள் சொன்னதை நம்பித்தான் வந்திருந்தான்.

"இதைவிடக் கம்மியா வருமான்னுதானே கேட்டேன்?"

"இதைவிட எப்படிப்பா கம்மியா வரும்? பொய்யெழுதிக் குறைச்ச ரேட்டு இது. 'ஓட்டுநர் முன்பு தண்டனை பெற்றவரா?'ன்னு கேட்டிருக்கான். 'இல்லை'ன்னு டிக் அடிச்சது யாரு? நீயா, அவனா?"

"அவருதான். எல்லாரும் அப்படித்தான் அடிக்கிறாங்களாம்."

புவனேஸ்வரி அவனுடைய லைசென்ஸ் நம்பரைக் கம்ப்யூட்டரில் தட்டி, திரையை அவன் பக்கம் திருப்பினாள்.

"குடிச்சிட்டு ஓட்டினதுக்கு ஆறு மாசம் சஸ்பெண்ட். இது யாரு, உன் பக்கத்து வீட்டுக்காரனா?"

பின்னால் பெஞ்சில் காத்திருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். ஜெகனுக்கு முகம் எரிந்தது.

"மூணு வருஷம் ஆவுது மேடம். தச்சூர் கூட்ரோடாண்ட ரோட்டு நடுக்கட்டையில மோதிட்டேன். யாருக்கும் ஒண்ணும் ஆவல. ஃபைன் கட்டினேன். ஆறு மாசம் ஊட்ல குந்திகினு இருந்தேன். அதுக்கப்புறம் ஒரு சொட்டு தொட்டதில்ல."

"அதை ஏன் மறைக்கிறே?"

ஏன் மறைக்கிறான்! ஒரு வாரமாக நாலு இடம் ஏறி இறங்கிவிட்டான். ஒருத்தன் இரண்டு மடங்கு கேட்டான். இன்னொருத்தன், பக்கத்தில் மனைவி இளமதி நிற்கிறாள் என்றுகூடப் பார்க்காமல், "குடிகாரனுங்களுக்கு நாங்க போடறதில்ல" என்றான். அந்தச் சரவணகுமார் ஒருத்தன்தான் 'வாங்கண்ணே' என்று உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தான்.

நாளையோடு பாலிசி முடிகிறது. ஊத்துக்கோட்டையிலிருந்து கம்பெனிப் பெண்களை சிப்காட்டுக்கு ஏற்றிவருவதுதான் அவன் பிழைப்பு. முழு இன்சூரன்ஸ் பேப்பர் இல்லாவிட்டால் திங்கட்கிழமையிலிருந்து கம்பெனி கேட்டுக்குள் காரை விடமாட்டார்கள்.

"இந்தா பேப்பர். எழுது. 'குடித்துவிட்டுக் கார் ஓட்டியதற்காக நீதிமன்றத்தில் தண்டனை பெற்றேன்.' கீழே கையெழுத்துப் போடு."

"எதுக்கு மேடம்? சுவத்துல ஒட்டப் போறீங்களா?"

"எழுதுன்னா எழுது."

அழுத்தி எழுதியதில் பேப்பரே கிழிந்தது. அதோடு விட்டாளா? ஃபைன் கட்டிய ரசீது எங்கே என்றாள். இரண்டு வருஷமாகப் புகார் இல்லை என்று கம்பெனியிலிருந்து கடிதம் வேண்டும் என்றாள். வேறு வழியில்லாமல், கம்பெனி அட்மின் மோனிகாவுக்கு போன் போட்டு, தன் பழைய மானக்கேட்டை அவளிடமும் சொல்லி, வாட்ஸப்பில் கடிதம் வாங்கினான்.

அதன்பிறகு புவனேஸ்வரி இன்சூரன்ஸ் கம்பெனி மேனேஜரைப் போனில் பிடித்தாள். அரைமணி நேரம் சண்டை.

"சார், மறைச்சா ரேட்டு இறங்கும், சொன்னா ரேட்டு ஏறும்னா உங்ககிட்ட எவன் சார் உண்மையைச் சொல்லுவான்? ரெண்டு வருஷமா வண்டியில ஒரு கீறல் இல்ல, லெட்டர் அனுப்பியிருக்கேன். தப்பு பண்ணவன் திருந்தி வந்து நின்னா, அவனைப் பொய் சொல்லப் பழக்கறது நீங்கதான்!"

கடைசியில் மேனேஜர் இறங்கிவந்தார். மற்றவர்கள் கேட்டதில் பாதிதான். ஆனால் சரவணகுமார் சொன்னதைவிட இரண்டாயிரம் கூட.

ஜெகன் கண்ணுக்கு அந்த இரண்டாயிரம் மட்டும்தான் தெரிந்தது.

"உங்க கமிஷனுக்காக என்னை இவ்ளோ அசிங்கப்படுத்தணுமா மேடம்?"

"நாளைக்கு நீ எங்கயாவது மோதினா, கம்பெனிக்காரன் மொதல்ல அந்தப் பொய் டிக்கைத்தான் தேடுவான். அப்ப சரவணகுமார் வந்து நிப்பானா?"

"போதும் மேடம்! ஒரு தப்பும் பண்ணாம ஃபேன் காத்துல உக்காந்துகினு இருக்கறவங்க என்ன வேணா பேசலாம். கேஸ் வாங்கினவன் படற பேஜாரு உங்களுக்கு இன்னா தெரியும்?"

பெஞ்சில் இருந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

புவனேஸ்வரி பணத்தை வாங்கிக்கொண்டு, பாலிசியைப் பிரிண்ட் எடுத்து, வண்டி நம்பரை இரண்டு தடவை சரிபார்த்துக் கொடுத்தாள். அவன் அதைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு திரும்பினான்.

"தம்பி."

நின்றான்.

"ஒன்பது வருஷம் முன்னாடி, பழவேற்காடு ரோட்ல, சைக்கிள்ல வந்த ஒருத்தர் மேல என் காரை ஏத்திட்டேன். மீன் பிடிக்கிறவரு. பரசுராமன்னு பேரு. அங்கேயே போய்ட்டாரு. உனக்குத் தண்டனை குடுத்த அதே கோர்ட்லதான் எனக்கும் குடுத்தாங்க."

ஜெகன் திரும்பி வந்து அவள் மேஜை முன்னால் நின்றான்.

"அவர் சம்சாரத்துக்கு இன்சூரன்ஸ்ல இருந்து ஒரு ரூபா வரல."

"ஏன் மேடம்?"

"ஊருக்கெல்லாம் இன்சூரன்ஸ் போட்டுக் குடுத்த நான், என் காருக்குப் போடாம விட்டிருந்தேன்பா."