ஒரே மடை

ஒரே ஒரு ஏரியாம், அதைச் சுற்றி நாலே நாலு ஊராம். மழை பொய்த்துப்போன வருஷம். ஏரித் தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியிருந்தது.

அதில் ஒரு ஊரில் தம்பிக்காரன் செத்துக் கிடக்கிறான். அண்ணனைக் காணோம்.

"பெரியவர் எங்கே?" என்று கேட்டான் மச்சினன். செத்தவனின் பெண்டாட்டியோடு கூடப் பிறந்தவன்.

மதகுக்காரர் தயங்கினார். "இன்னிக்கு அவங்க தண்ணி முறை. விடியறதுக்குள்ளயே மண்வெட்டியத் தூக்கிட்டுப் போயிட்டார்."

"பொணம் இங்க கிடக்கு, அவருக்குப் பயிரா பெருசு?"

"இன்னிக்கு விட்டா இனிமே முறை கிடையாதுப்பா. இருக்கிற தண்ணிக்கு ஒரு வயல் நனைஞ்சாலே அதிசயம்."

"ரெண்டு பேருக்கும் ஒரே மடை," என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. "அதுக்குத்தானே எலியும் பூனையுமா நின்னாங்க! இப்பப் போட்டிக்கு ஆளில்ல. வாய்க்காலையே குடிச்சிடுவார் மனுஷன்."

அக்கா அழுகையை நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "அவர் தோள் கொடுக்காம எடுக்கக் கூடாதுடா. எப்படியாவது கூட்டிட்டு வா."

மச்சினனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏரிக்கரை வழியே ஒரே ஓட்டம்.

பெரியவர் சேற்றில் நின்று மண்ணை வெட்டிப் போட்டுக்கொண்டிருந்தார்.

"மாமா! நாலு ஊரும் காறித் துப்புது."

"துப்பட்டும்." அவர் நிமிரவில்லை.

"நீங்க வந்தாத்தான் எடுக்கணும்னு அக்கா ஒத்தக் கால்ல நிக்கிறா."

மண்வெட்டி நின்றது. "அவளா சொன்னா?"

"ஆமா. கல்லு மனசுக்காரர்கிட்ட என்ன எதிர்பார்க்கிறாளோ!"

"ஒரே ஒரு பாத்தி இருக்கு மாப்ளே. பாய்ஞ்சதும் வந்துடறேன்."

"அவர் உசுரோட இருந்திருந்தா உங்களை இப்படி விட்டிருப்பாரா?"

"விடுவானா? என் மண்டையப் பிளந்தாவது பங்கை வாங்கியிருப்பான்." பெரியவர் மறுபடி மண்ணை வெட்டிப் போட்டார். "காலையிலேருந்து பார்க்கிறேன். என்கூடச் சண்டை போட ஒருத்தனும் வரல."

கடைசிப் பாத்தியும் நிறைந்தது. மடையை அடைத்தார். வாய்க்கால் தண்ணீரையே முகத்தில் அறைந்துகொண்டார். மண்வெட்டியை அங்கேயே போட்டுவிட்டு, ஊரைப் பார்த்து ஓட்டமும் நடையுமாகப் போனார்.

மச்சினன் அப்போதுதான் சுற்றிலும் பார்த்தான்.

பெரியவரின் வயல் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்க, தண்ணீர் தளும்பி நின்ற அக்காவின் வயலோரமாக, அவனும் தலையைக் குனிந்துகொண்டு நடந்தான்.