எப்படி என்று கேட்கக்கூடாது

மலேசியாவில், அலோர் காஜா தமிழ்ச் சபையில் அன்று ஆராதனை முடிந்தும் மூப்பர்கள் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. ஜெயமணி டீச்சர் பிள்ளைகளைக் கெடுக்கிறார் என்று புகார் வந்திருந்தது.

கொடுத்தவர் தங்கராஜு, சபையின் மூத்த மூப்பர். ஞாயிறு பள்ளிப் பிள்ளை ஒன்று வீட்டுக்குப் போய், திமிங்கிலமும் நீர்யானையும் தூரத்துச் சொந்தமாம் என்று சொல்லிவிட்டது. போதாதா?

ஜெயமணி வார நாளில் இடைநிலைப் பள்ளியில் உயிரியல் ஆசிரியை. ஞாயிறு காலையில் இங்கே பிள்ளைகளுக்கு பைபிள் வகுப்பு. ஒண்டிக்கட்டை. அந்த வகுப்புதான் அவருக்கு உயிர்.

உலகம் தானாகவே உண்டானது என்று சொல்லிக் கொடுத்தீர்களா என்று போதகர் தேவன் மெதுவாகத்தான் கேட்டார்.

"இல்ல பாஸ்டர். படைச்சவர் கடவுள்தான். இயற்கை மட்டுமே போதும்னு நான் நம்பல. ஆனா அந்த இயற்கையைக் கொண்டே அவர் நிதானமா படைச்சிருக்கலாமே? எப்படின்னு பிள்ளைங்க கேட்டா, வாயை மூடுன்னு சொல்ல மனசு வரல."

மூப்பர்களில் ஒருவருக்கு அது நியாயமாகக்கூடப் பட்டது. அப்படியானால் பைபிளில் வரும் படைப்பின் ஆறு நாள் எவ்வளவு பெரிய நாள் என்று ஆர்வமாகவே ஆரம்பித்தார். தங்கராஜு விடவில்லை.

"எப்படின்னு கேக்கறதே அவிசுவாசம். கடவுள் சொன்னார், ஆச்சு. நடுவுல ஒண்ணும் கிடையாது. என் மகளையே பாருங்க."

மகள் எஸ்தர் கதை சபைக்கே மனப்பாடம். பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஆறாம் படிவத்தில் சயின்ஸ் எடுத்த புதிதில் சர்ச்சே வேண்டாம் என்று நின்றுவிட்டவள், இந்த வருடம் திரும்பி வந்தாள். சாட்சி சொல்லும் நேரம் வந்தால் தங்கராஜு அதைத்தான் சொல்வார். சொல்லும்போதெல்லாம் அழுவார்.

"நான் முழங்கால் போட்டு ஜெபிச்சேன். அவர் கூட்டிட்டு வந்தார். இதுல எந்த இயற்கை வேலை செஞ்சுச்சு? சொல்லுங்க டீச்சர்."

ஜெயமணி வாயைத் திறந்தார். பிறகு என்ன நினைத்தாரோ, "கர்த்தர்தான் ஐயா கூட்டிட்டு வந்தார்" என்று மட்டும் சொன்னார்.

அதோடு முடிந்தது. அடுத்த வாரத்திலிருந்து வகுப்பு வேறு ஆளுக்கு. ஜெயமணி வகுப்பு அலமாரிச் சாவியைப் பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார்.

அந்த நேரம் பார்த்து எஸ்தர் தேநீர்த் தட்டோடு உள்ளே வந்தாள். சாவியைப் பார்த்தாள், டீச்சர் முகத்தைப் பார்த்தாள். போதகர் விஷயத்தைச் சொன்னதும் தட்டைக் கீழே வைத்தாள்.

"அப்பா, சனிக்கிழமை பாயா ரும்புட்ல டியூஷன்னு சொல்லிட்டுப் போவேன்லா, அது டீச்சர் வீடு. சயின்ஸா, கடவுளான்னு நான் குழம்பிக் கிடந்தப்ப, ரெண்டையும் விட வேணாம்னு உக்கார வச்சுப் பேசினது இவங்கதான். அப்பா மனசு கஷ்டப்படும், சொல்லாதீங்கன்னு நான்தான் கெஞ்சிக் கேட்டேன்."

தங்கராஜு சாவியை எடுத்து ஜெயமணி பக்கம் நகர்த்தினார்.

"அவர் கூட்டிட்டு வந்தார்னு மாசா மாசம் சாட்சி சொன்னேன் டீச்சர். எப்படிக் கூட்டிட்டு வந்தார்னு ஒரு நாள்கூட அவளைக் கேக்கலயே."