கஞ்சி இறுகுவதற்குள்

எபோக்சி பசையைக் கலக்கிவிட்டால் அப்புறம் சண்டை போட நேரம் கிடையாது. இறுகிவிடும்.

அதனால் காலையிலிருந்து தொண்டையில் வைத்திருந்ததை விழுங்கிக்கொண்டு, கையுறையை மாட்டிக்கொண்டு, கவிழ்த்துப் போட்டிருந்த கயாக் படகின் மறுபக்கம் போய் நின்றேன். கார் நிற்க வேண்டிய இடத்தில் இது கிடக்கிறது. கார் தெருவில் வெயில் காய்கிறது. தம்போயில் எங்கள் வீட்டு வரிசை முழுக்கச் சிரிக்கிறார்கள்.

நான் சொல்ல நினைத்தது இவ்வளவுதான்: ஆசைக்குச் செய்து முடியுங்கள், தண்ணீரில் மட்டும் இறங்காதீர்கள்.

என் வீட்டுக்காரர் கேப்ரியலுக்கு நீச்சல் தெரியாது. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். ஊசி குத்தும் இடது கையால் கனமாக எதையும் தூக்கக் கூடாது. இந்த அழகில் மரத்தில் கயாக் செய்வது ஒன்றுதான் குறைச்சல்.

போன மாதம் அடுப்படியில் குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்தேன். பின்னால் வந்து இடுப்பைக் கட்டிக்கொண்டார். வயசான காலத்தில் இது என்ன கூத்து என்று திட்டினேன். ஆனால் அன்று முழுக்கச் சிரிப்பாகவே இருந்தது. இந்த மனுஷனைத் தண்ணீருக்குக் கொடுக்க என்னால் முடியாது.

வெள்ளை ஃபைபர் துணியை மரத்தின் மேல் விரித்தோம். அவர் எபோக்சியை ஊற்றினார். எனக்கு அது கஞ்சிதான். சிங்கப்பூரில் வேலை பார்த்த காலத்துப் பழைய பஸ் கார்டால் அதை இழுத்துப் பரப்பினார். என் கையிலும் ஒரு கார்டு.

“நல்லா வழிச்சு எடு கெர்ட்டி. மிச்சம் நின்னா கனம்.”

எப்போதும் இதே பாட்டுதான். மெல்லிய பலகையாகத் தேடி வாங்கினார், அதையும் தேய்த்துத் தேய்த்து இன்னும் மெலிசாக்கினார். பாவம், அந்தக் கையை நினைத்துத்தான் என்று நானும் வழித்தேன்.

கஞ்சி பட்ட இடத்திலெல்லாம் துணி காணாமல் போனது. அடியிலிருந்து மரம் தேன் நிறத்தில் எழுந்து வந்தது.

எங்கள் ஊர் பத்து பாகாட் ஆற்றில் அப்பாவின் சம்பான் படகு நனைந்தால் இதே நிறம்தான். பள்ளிக்கூடம் விட்டதும் அதை எடுத்துக்கொண்டு போய்விடுவேன். கேப்ரியல் கரையோடு நடந்து வருவார். ஏறச் சொன்னால் ஏற மாட்டார், பயம். கல்யாணமாகி இங்கே வந்த பிறகு நான் துடுப்பைத் தொடவே இல்லை.

இப்போது டயாலிசிஸ் சென்டர் ஜன்னலிலிருந்து தூரத்தில் கடல் தெரியும். அவர் மெஷினில் கிடக்கும் நேரமெல்லாம் நான் அங்கேதான் நிற்பேன். ஏக்கமாக இருக்கும். அவரிடம்கூடச் சொன்னதில்லை.

படகின் நடுப்பகுதிக்கு வந்தோம். உள்ளே ஆள் உட்காரும் இடத்துக்கு நேர் கீழே. நான் கார்டை இழுக்க இழுக்க, துணிக்கு அடியில் இரண்டு பென்சில் கோடுகள் தெரிந்தன. நடுவில் அவருடைய சாய்ந்த கையெழுத்து.

கெர்ட்டி இடுப்பு.

“அலமாக்,” என்று நாக்கைக் கடித்துக்கொண்டார். “தேய்ச்சு அழிக்க மறந்துட்டேன்.”

இனி அழியாது. கஞ்சிக்கு அடியில் போனது போனதுதான்.

அவர் என்னைப் பார்க்காமல் வழித்துக்கொண்டே இருந்தார்.

“நான் மெஷின்ல கெடக்கறப்ப நீ எதுக்கு ஜன்னல்ல நிக்கணும்? கடலுக்குப் போயிட்டு வா. நீ தனியா தூக்கி கார் மேல வைக்கணும்ல, அதான் லேசா.”

காலையிலிருந்து தொண்டையில் இருந்த சண்டை அழுகையாகத்தான் வந்தது. கையெல்லாம் கஞ்சி, கண்ணைத் துடைக்கவும் முடியவில்லை.

“அப்ப அன்னிக்கு அடுப்படியில கட்டிப்பிடிச்சது அளவெடுக்கவா?”

“ரெண்டுக்கும்தான்,” என்றார். “சீக்கிரம் வழி லா, இறுகுது.”