கால் முளைத்த கோட்டு

"என் கோட்டு எங்கேம்மா?"

சலவைக்கடை மேஜையில் கம்பெனி முதலாளி ஒருவர் தட்டிய தட்டில் ஹேங்கர்கள் குலுங்கின.

"நாளைக்குத்தானே சார் வர்றேன்னு சொன்னீங்க?" கடைக்காரம்மாவுக்கு வேர்த்துக் கொட்டியது.

"விழாவை இன்னைக்கே வச்சுட்டாங்க! எனக்கு விருதும்மா, விருது! 'வியாபாரமும் சமுதாயமும்'னு அரைமணி நேரம் பேசணும். எடுங்க சீக்கிரம்!"

சந்தோஷத்தில் மனுஷனுக்குக் கால் தரையில் பாவவில்லை. வாசலில் கார் உறுமிக்கொண்டே நின்றது. அதற்குள் மனைவியின் போன் வேறு.

"இதோ வாங்கிட்டேம்மா... ஆமாம், அந்தக் கறுப்புக் கோட்டுதான்... இல்லைம்மா, வேற எதையும் மாட்டிக்கிட்டு உன் மானத்தை வாங்க மாட்டேன்!"

போனை வைத்துவிட்டு மறுபடி மேஜையைத் தட்டினார்.

"இப்போ வந்துடும் சார்."

"வந்துடுமா? கோட்டுக்குக் கால் முளைச்சிருக்கா?"

முளைத்துத்தான் இருந்தது. கதவைத் தள்ளிக்கொண்டு ஓர் இளைஞன் ஓடி வந்தான்.

"அக்கா! வேலை கிடைச்சிடுச்சுக்கா! திங்கட்கிழமை வரச் சொல்லிட்டாங்க! அம்மாகிட்டகூட இன்னும் சொல்லலை, முதல்ல உங்ககிட்டதான்!"

அவன் தோளில் தொளதொளவென்று தொங்கியது முதலாளியின் கோட்டு.

முதலாளிக்குக் கோபம் தலைக்கேறியது.

"அடிப்பாவி! துவைக்கக் குடுத்தா வாடகைக்கு விடுறியா? இந்தக் கடையை இழுத்து மூட வைக்கலேன்னா பாரு!"

இளைஞன் அவசரமாகக் கோட்டைக் கழற்றி மேஜையில் வைத்தான். உள்ளே சட்டைக் காலர் நைந்து போயிருந்தது.

"அவனைத் தப்பா நினைக்காதீங்க சார். வாடகையெல்லாம் இல்லை. கோடவுன் வேலைக்கு இன்டர்வியூ. போன தடவை கோட்டு போடலேன்னு வாசலோடயே திருப்பி அனுப்பிட்டாங்க. இவனுக்கு வாங்க வசதி இல்லை. மனசு கேக்கலை, நான்தான் எடுத்துக் குடுத்தேன். தப்புதான். மறுபடி துவைச்சுத்தான் உங்ககிட்ட தந்திருப்பேன்."

முதலாளி இளைஞனை ஏற இறங்கப் பார்த்தார். கல்நெஞ்சக்காரர் இல்லை, பாவம். கோபத்தை இறக்கி வைக்க வேறோர் ஆள் கிடைத்தால் போதும் அவருக்கு. கிடைத்துவிட்டான், இன்டர்வியூ வைத்த கம்பெனிக்காரன்.

"கோடவுன்ல பெட்டி அடுக்குற வேலைக்குக் கோட்டா? வேலைக்கு ஆள் எடுக்கிறானா, பொண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிறானா? இந்த மாதிரி ஆளுங்களாலதான் வியாபாரிங்களுக்கே கெட்ட பேரு! எவன் அந்தக் கம்பெனிக்காரன்? பேரைச் சொல்லு தம்பி, இன்னைக்கு மேடையிலேயே அவனைக் கிழிச்சுத் தோரணம் கட்டிடறேன்!"

இளைஞன் வாயைத் திறப்பதற்குள் கடைக்காரம்மா முந்திக்கொண்டாள்.

"உங்க கம்பெனிதான் சார். திங்கட்கிழமை தம்பி கோட்டோட வரணுமா, இல்லாமலே வரலாமா?"