எதிர் நாற்காலி

"மழை கொட்டுது. தரைப்பாலம் முங்கிப் போச்சு. வண்டி வராது. வலி வந்த பொண்ணை எங்கே தூக்கிட்டு ஓடறது? அதைச் சொல்லுங்க மேடம்!"

மேசையைத் தட்டாத குறையாகக் கேட்டார் எதிர் நாற்காலியில் இருந்தவர். அலுவலகத்தில் அவருக்குக் 'குடைச்சல்' என்று பெயர். வைத்தவர்கள் யோசித்துத்தான் வைத்திருந்தார்கள்.

அறிக்கையை எழுதிய ஆய்வாளரான அவள் பதில் சொல்லிச் சொல்லிக் களைத்துப் போயிருந்தாள். காலையில் தொடங்கிய கேள்விகள், மதியச் சாப்பாடு ஆறி அவலாகிப் போன பிறகும் ஓயவில்லை. மையத்தின் இயக்குநர் அம்மா மேசைக் கோடியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

அரசாங்கத்தின் காசையும் தொடாத, கட்சிகளின் காசையும் தொடாத கொள்கை ஆய்வு மையம் அது. அங்கே ஒரு வழக்கம் உண்டு. எந்த அறிக்கையானாலும் வெளியே போவதற்கு முன், சக ஊழியர் ஒருவர் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து அதைக் கிழிகிழியென்று கிழிக்க வேண்டும். அவர் 'இனிக் கேள்வி இல்லை' என்று சொன்னால்தான் அச்சுக்குப் போகும். சொல்லாவிட்டால் அலமாரியில் தூங்க வேண்டியதுதான்.

அவளுடைய அறிக்கை சொன்னது இதைத்தான். அறுவை சிகிச்சைக்கு டாக்டரும் இல்லாமல், ஏற்ற ரத்தமும் இல்லாமல் சின்ன ஊர்களில் பேருக்கு நடக்கும் பிரசவ வார்டுகளை மூடிவிட வேண்டும். பெரிய ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே தங்குமிடம் கட்டி, நாள் நெருங்கும் பெண்களை முன்கூட்டியே அழைத்து வந்துவிட வேண்டும். நாளை அமைச்சரின் குழு கூடுகிறது. இதை விட்டால் மறுபடி எப்போது கூடுவார்களோ, அதுவரை எத்தனை தாய்மார்களை வாரிக் கொடுக்க வேண்டுமோ என்பதுதான் அவளுடைய கவலை.

"வலி வந்த பிறகு ஓட வேண்டாம்னுதான் சார் தங்குமிடமே."

"எட்டு மாசத்துலயே வலி வந்துட்டா? குழந்தை உங்க அறிக்கையைப் படிச்சிட்டா பிறக்கும்?"

"பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு வண்டி, அந்தப் பக்கம் ஒரு வண்டி. நர்ஸம்மா கூடவே வருவாங்க. போன வாரம் நீங்க கேட்டப்புறம் சேர்த்தேன்."

"மூத்த குழந்தையை யாரு பாத்துக்குவா? கட்டில் போட்டிருக்கோம் வான்னா வந்துடுவாங்களா?"

"அதையும் கூட்டிட்டு வரலாம். அதுவும் நீங்க கேட்டு சேர்த்ததுதான்."

அவர் அடுத்த கேள்விக்கு வாயைத் திறக்கும்போது அவருடைய போன் ஒலித்தது.

"சொல்லு கண்ணு... ரிப்பனைக் காணோமா? போனாப் போகுது. சாயந்தரம் அப்பா வந்து பின்னி விடறேன். அதுவரைக்கும் அத்தையைப் படுத்தாம இரு, என்ன?"

மகளிடம் வெண்ணெயாய்க் குழைந்த குரல், போனை வைத்ததும் பழையபடி இறுகியது. ஆய்வாளருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த அறிக்கைக்கு எதிர் நாற்காலியை அவராகவே கேட்டு வாங்கினார் என்று காதில் விழுந்த நாளிலிருந்து மனசில் கிடந்ததை அவள் கேட்டே விட்டாள்.

"தப்பா நினைக்காதீங்க சார். மூடச் சொல்லியிருக்கிற ஊர்கள்ல உங்க ஊரும் இருக்கு. அந்தப் பாசத்துலதானே என்னை இந்தப் பாடு படுத்தறீங்க?"

இயக்குநர் அம்மா சட்டென்று நிமிர்ந்தார். ஏதோ சொல்ல வந்து, சொல்லாமல் தலையைக் குனிந்துகொண்டார்.

"எங்க ஊருதான்," என்றார் குடைச்சல். "ஊர்ல கேக்கப் போறதைத்தான் நானும் கேக்கறேன். கடைசிக் கேள்வி. பக்கத்துலயே இருந்த ஆஸ்பத்திரியை ஏன் மூடினேன்னு ஒருத்தன் உங்க முன்னாடி வந்து நின்னா, என்ன சொல்வீங்க?"

அவள் அறிக்கையை மூடி வைத்தாள். இதற்குப் பக்கம் புரட்டத் தேவையில்லை.

"பக்கத்துல இருந்தது ஆஸ்பத்திரி இல்லைங்க, ஒரு போர்டும் நாலு கட்டிலும்தான்னு சொல்வேன். கதவு திறந்திருக்கேன்னு நம்பி உள்ளே போறாங்க பாருங்க, அந்த நம்பிக்கைதான் சார் கொல்லுது. பூட்டியிருந்தா நேரா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பாங்க. பிழைச்சிருப்பாங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் வெகுநேரம் துடைத்தார்.

"இனிக் கேள்வி இல்லை."

இயக்குநர் அம்மா அறிக்கையை எடுத்துக்கொண்டு நேராக அச்சுக்குக் கொடுக்கப் போனார். ஆய்வாளருக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை.

"இவ்வளவு எதிர்த்துட்டு, இப்ப எப்படி சார்..."

"நான் எங்கேம்மா எதிர்த்தேன்? இதை நானே எழுதறேன்னுதான் முதல்ல கேட்டேன். சம்பந்தப்பட்டவன் எழுதினா யாரும் நம்ப மாட்டாங்கன்னு இயக்குநர் அம்மா முடியாதுன்னுட்டாங்க. சரி, எதிர் நாற்காலியாவது கொடுங்கன்னேன். நாளைக்கு வெளியில ஒருத்தரும் உடைக்க முடியாதபடி, நானே உடைச்சு உடைச்சுப் பாத்துட்டேன்."

"சம்பந்தமா? உங்களுக்கு என்ன சார் சம்பந்தம்?"

அவர் போனை அவள் பக்கம் திருப்பினார். இரட்டைப் பின்னலோடு ஒரு சிறுமி திரையில் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இவ பிறந்த அன்னிக்கு அந்தக் கதவு திறந்துதான் இருந்துச்சும்மா. நம்பித்தான் இவ அம்மாவை உள்ளே கூட்டிட்டுப் போனேன்."