ஒரு நல்ல வார்த்தை

"இன்னிக்கும் உங்கப்பா உன்னை வாய்க்கு வந்தபடி திட்டினார்னா, நான் அப்படியே திரும்பிடுவேன்" என்றாள் ஹேசல். அப்பாவின் வீட்டு வாசலில் காரை நிறுத்திய அவள் கணவன் டேரன் சிரித்தான்.

அவள் லண்டன்காரி. அந்தப் பக்கம் நாய்க்குட்டியைக்கூட 'டார்லிங்' என்றுதான் கொஞ்சுவார்கள். கல்யாணமாகி வட இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலுக்கு வந்த நாளிலிருந்து, மாமனார் வில்ஃப் தன் மகனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு அவள் கேட்டதே இல்லை. தண்டச்சோறு, உதவாக்கரை, மரமண்டை... இப்படித்தான்.

"இரும்பாலையில வேலை பாத்த வாய் அது, விடு."

"அதே வாய்தானே போன தடவை மீட்டர் பாக்க வந்தவனை உபசரிச்சுது? 'மழையில நனைஞ்சிட்டீங்களே சார், டீ குடிங்க'ன்னு! பெத்த பிள்ளைக்கு ஒரு நல்ல வார்த்தை கிடையாதா? எனக்கு வயிறு எரியுது, டேரன்."

அன்று கோபித்துக்கொண்டு போனவள், இன்றுதான் மறுபடி வந்திருக்கிறாள். டேரனும் இத்தனை நாள் கடலுக்கு நடுவே எண்ணெய்க் கிணற்று வேலையில் இருந்தான். அங்கிருந்து போனில் விசாரித்தபோதெல்லாம், "குறை சொல்ல ஒண்ணுமில்ல" என்று மட்டும் சொல்லி அப்பா வைத்துவிடுவார். காலே உடைந்து கிடந்தாலும் அந்த ஊரில் அதுதான் பதில்.

கதவு திறந்தது. "என்ன கிழவா, இன்னும் போய்ச் சேரலையா?" என்று டேரன் வழக்கம்போல் ஆரம்பித்தான்.

வில்ஃப் ஒரு கணம் தயங்கினார். பிறகு முகம் மலர்ந்து கையை நீட்டினார். "வாங்க சார், உள்ள வாங்க. காத்து ஆளையே தூக்குது. நீங்களும் வாங்கம்மா."

ஹேசலுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. கணவனின் கையைக் கிள்ளினாள். "பாத்தியா! மனுஷன் மாறிட்டார்!"

டேரனின் முகம் வெளுத்திருந்தது. அவன் உள்ளே போய், கணப்புக்குப் பக்கத்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்காரப் போனான்.

"அப்பா..." என்றான்.

வில்ஃப் பதறிப்போய் அவன் தோளைத் தொட்டார்.

"தப்பா நினைக்காதீங்க சார், அது என் மகனோட இடம். அந்தத் தடிமாடு வர்ற நேரம்."